தப்புத் தப்பாக ஒரு கம்ப்யூட்டர்

ஆகஸ்ட் 11, திங்கள்

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஷைலஜா மேடம் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். பூபதி அன்றன்றைக்குப் பேசும் வார்த்தைகளைத் தேதி போட்டு எழுத வேண்டுமாம். இன்று பேசியது ஒன்றும் இல்லை. காபி போதும் என்பதற்குக் கையைக் காட்டினார். ஃபேனைக் குறைப்பதற்கு விரலைச் சுழற்றினார். கை பாஷையில் எம்.ஏ. முடித்துவிடுவார் போலிருக்கிறது.

வார்த்தை இல்லாத இடத்தில் என் புலம்பலையாவது எழுதிக்கொள்கிறேன். நோட்டு வீணாகக் கூடாது.

மே மாதம் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே என் வீட்டுக்காரர் பூபதிக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது. வலது கை இன்னும் பாதித் தூக்கத்தில் இருக்கிறது. நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்லப் போனால்தான் வார்த்தை பாதி வழியில் நின்றுவிடும், இல்லாவிட்டால் சம்பந்தமே இல்லாத இன்னொரு வார்த்தை வந்து நிற்கும். ஜூலை வரை திக்கித் திணறியாவது பேசிக்கொண்டிருந்தார். ஒருநாள் பேக்கரியில் டீ கேட்கப் போய், "சாவி, சாவி" என்று வாயில் வந்துவிட்டது. நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். டீ மாஸ்டர் இவருக்குக் காது கேட்காது என்று நினைத்துக் கத்தியிருக்கிறார். அன்றைக்கு மூடிய வாய்தான்.

மேடம் இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்த ஆறேழு மாசம் ரொம்ப முக்கியம் கோகிலவாணி. பேசப் பேசத்தான் பேச்சு திரும்பும். இப்படியே வாயை மூடிட்டிருந்தா அதுவே பழகிப் போயிரும். அப்பறம் கஷ்டம்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு பூபதிமேல் கோபம். பயம் என்று எழுத மாட்டேன். கோபம் என்றே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வீட்டுக் கம்ப்யூட்டர் போய்விட்டது. ஆடிட்டர் ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதில்தான் செய்வேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், கருகல் வாசம், முடிந்தது கதை. பூபதி எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டார். மிக்ஸி நின்றால்கூட நான் கூப்பிடும் முன்பே ஸ்குரூ டிரைவரோடு வந்து நிற்கிற மனிதர்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. போனில் புதுக் கம்ப்யூட்டர் பார்த்தேன். கணக்கு எழுத எதை வாங்கினாலும் போதும். எப்படியோ கேம் ஆடுகிறவர்கள் வாங்கும் கிராஃபிக்ஸ் கார்டு பக்கத்துக்குப் போய்விட்டேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை என்று எனக்கும் தெரியும். சும்மாதான் பார்த்தேன்.

பீளமேட்டில் காலேஜ் படித்த காலத்தில் பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரே கதி என்று கிடப்பேன். குண்டு வைக்கிற ஆட்டம். ஒரு அணி குண்டு வைக்கும், இன்னொரு அணி வந்து அதைச் செயலிழக்க வைக்க வேண்டும், இடையில் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொள்வோம். அங்கே உட்கார்ந்து ஆடிய ஒரே பெண் நான்தான். அந்த சென்டருக்குக் கம்ப்யூட்டர்களை அசெம்பிள் செய்து கொடுத்தவர் பூபதி. என் கையால் நிறையத் தடவை செத்தவரும் அவர்தான். அப்படித்தான் பழக்கம் ஆனது. பிறகு கல்யாணம், ஈரோட்டுக்கு வந்தது, வேலை, மாமனாரின் சீக்கு என்று ஆட்டம் தானாக நின்றுபோனது. பதினெட்டு வருஷம் இருக்கும்.

இப்போது வருகிற கார்டு செங்கல் மாதிரி இருக்கிறது. அதில் மூன்று ஃபேன் வேறு. எங்கள் காலத்தில் கார்டு என்றால் கைக்கடக்கமாக ஒரு பச்சைப் பலகை, அவ்வளவுதான். கம்பெனிக்காரர்கள் பெயர் வைக்கிற விதமும் புரியவில்லை. பெரிய நம்பர் போட்ட கார்டு சின்ன நம்பர் கார்டைவிட மெதுவாம். இதென்ன நியாயம்?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

மத்தியானம் ஹாலில் உட்கார்ந்து போனைப் பார்த்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். பூபதி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் கேட்கிறாரா இல்லையா என்று கவலைப்படவில்லை. வீட்டில் யாராவது பேசினால் சரி என்று படித்தேன்.

"இந்த போர்டு நல்லா இருக்குங்க. டிடிஆர் ஃபைவ் போர்டு. ரேம் டிடிஆர் ஃபோர்ல எடுத்துக்கலாம், அது சல்லிசா கெடைக்குது."

"ஆகாது."

நான் டிவியில் யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்தேன். டிவி ஓடவில்லை.

"என்னங்க?"

அவர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "ஒக்... ஒக்காராது" என்றார்.

பேசிவிட்டார். ஒரு மாசத்துக்கு மேல் ஆயிற்று. ஃபைவ் போர்டில் நான் ஃபோர் ரேமைச் செருகப் பார்த்ததைப் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டார். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சத்தம் கேட்டால் மறுபடி மூடிக்கொள்வாரோ என்று பயம்.

அந்த ரேம் விஷயத்தை நான் வேண்டுமென்றேதான் தப்பாகச் சொன்னேன் என்று நோட்டில் இருக்கட்டும்.

வார்த்தைகள்: ஆகாது. உட்காராது.

ஆகஸ்ட் 20, புதன்

விளையாடுகிற கம்ப்யூட்டர்தான் வாங்கப் போகிறேன். முடிவு செய்துவிட்டேன். கணக்கு எழுதுகிற கம்ப்யூட்டரில் தப்புச் செய்ய இடமே இல்லை. இதில் தொட்ட இடமெல்லாம் தப்புச் செய்யலாம். விலையை இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. எழுதினால் எனக்கே மனசு மாறிவிடும்.

இன்றைய தப்பு கேபினெட், எல்லாப் பாகத்தையும் உள்ளே அடக்குகிற வெளிப்பெட்டி. வெள்ளையில் கண்ணாடிக் கதவு போட்டு, குட்டியாக, பூஜை அறையில் வைக்கிற மாதிரி ஒன்றைக் காட்டினேன். "இதுலயே அந்தப் பெரிய கார்டைப் போட்றலாமுங்க."

போனை வாங்கிப் பார்த்தார். இடது கையை விரித்துக் காற்றில் சாண் வைத்துக் காட்டினார். நான் புரியாத மாதிரி முழித்தேன். சாணைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நீளம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உள்ள... போகாது."

"அப்படிங்களா? நான் கவனிக்கவே இல்ல பாருங்க."

நடிப்புக்குப் பரிசு கொடுத்தால் இந்த வருஷம் எனக்குத்தான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

"டிவிடி போடற எடம் எங்கீங்க இருக்கு? எந்த கேபினெட்லயும் காணம்" என்று கேட்டேன்.

பூபதி என்னையே பார்த்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பயந்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் மனிதர் சிரிக்கிறார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். மே மாதத்துக்குப் பிறகு இதுதான் முதல் சிரிப்பு.

"இப்ப... யாரு... டிவிடி..." என்றார். மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் வந்தது.

இதுவும் வேண்டுமென்றே கேட்டதுதான். டிவிடி ஒழிந்துபோனது யாருக்குத் தெரியாது?

ஆகஸ்ட் 30, சனி

இந்த வாரம் அவரே போனை எடுத்து இடது கையால் தேடுகிறார். நேற்று ஒரு பிராசஸரைக் காட்டி, "இது" என்றார். நான் அதைவிடப் பெரியதைக் காட்டினேன். "வேஸ்ட்" என்றார். வேஸ்ட் என்ற வார்த்தை மட்டும் தடங்கல் இல்லாமல் வருகிறது. நான் எதைக் காட்டினாலும் வேஸ்ட்.

ஷைலஜா மேடத்துக்கு வார்த்தைகளை வாட்ஸப்பில் அனுப்பினேன். பூங்கொத்துப் படம் ஒன்று பதிலாக வந்தது.

செப்டம்பர் 6, சனி

கடைக்காரருக்குப் போன் போட்டேன். செல்வகணபதி என்று பெயர், மேட்டூர் ரோட்டில் கடை. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்து எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வந்தோம். எல்லாப் பாகத்துக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அதுதான்.

"ஐநூறு வாட்டே போதுங்க்கா" என்றார் செல்வகணபதி.

பூபதி போதாது என்று தலையை ஆட்டினார். நான் பார்க்காத மாதிரி, "செரிங்க, அதையே போட்ருங்க" என்றேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"எழு... எழு... எழுபது... இல்ல..."

என் நாக்கு நுனியில் நம்பர் துடிக்கிறது. சொல்லிவிட்டால் முடிந்தது. என்னுடைய குணமே அதுதான், பாதி வாக்கியத்திலேயே அடுத்தவர் பேச்சை முடித்துவைத்துவிடுவேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுமுனையில் செல்வகணபதியும் சும்மா இருந்தார். பாவம், லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பார் என்றுதான் எண்ணினேன். ஆனால் அவர், "சொல்லுங் சார். நான் லைன்லதான் இருக்கேன். நிதானமா சொல்லுங்க" என்றார்.

"எழுநூத்தி... அம்பது."

"செரிங் சார். எழுநூத்தம்பது வாட்டே போட்றலாமுங்க. நீங்க சொல்றதுதான் கரெக்ட்டு, அந்தக் கார்டு கொஞ்சம் கரண்டு இழுக்குமுங்க."

வெளி ஆளிடம் பேசியாயிற்று. பூபதிக்கு நெற்றியெல்லாம் வேர்வை. போனைக் கட்டிலில் போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அவரை அப்படியே கட்டிக்கொண்டேன். கடைக்காரர் இன்னும் லைனில் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

எல்லாம் கெட்டது. என்னால்தான் கெட்டது.

மேடம் போன் செய்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பால்கனியில் நின்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். "நான் வேணும்னே தப்புத் தப்பா சொல்றனுங்க மேடம். அவரு ஒடனே கொழந்தை மாதிரி திருத்தறாரு. நமக்குத் தெரிஞ்சதையே தெரியாத மாதிரி கேக்கோணும், அதுதான் ட்ரிக்கு."

திரும்பினால் கதவுப் பக்கத்தில் பூபதி நிற்கிறார். முகம் பேக்கரியில் இருந்து வந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது.

"நான்... கொழந்தை... இல்ல" என்றார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

செப்டம்பர் 13, சனி

பேசவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

பேசவில்லை. நானும் பேசவில்லை.

செப்டம்பர் 17, புதன்

நான் என்ன கொலையா செய்துவிட்டேன்? பேச வைக்கத்தானே செய்தேன்? நாலு மாசமாகக் குளிப்பாட்டி, சட்டை போட்டுவிட்டு, ஆபீஸுக்கும் ஓடி, ஆஸ்பத்திரிக்கும் ஓடி, ஒருநாளும் முகம் சுளிக்காமல் இருந்தவளுக்கு ஒரு வார்த்தை தவறக் கூடாதா? பொரியல் கருகிவிட்டது. அதையே வைத்தேன். தின்றார்.

செப்டம்பர் 20, சனி

பெட்டிகள் வந்து இறங்கின. செல்வகணபதி ஆளோடு வந்து ஹாலில் அடுக்கிவிட்டு, "சார் இருக்காருங்களா? அசெம்பிள் பண்ணிக் குடுத்தறட்டுங்களா?" என்று கேட்டார். "வேணாமுங்க, சாரே பண்ணுவாரு" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. சார் அறையை விட்டு வெளியே வரவே இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

இன்று ஆபீஸில் புதிதாக வந்த பெண் ஒருத்தி எனக்கு எக்ஸல் சொல்லிக் கொடுத்தாள். எனக்குத் தெரிந்ததைத்தான், பல்லைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக. "புரிஞ்சுதுங்களா மேடம்?" என்று ரெண்டு தடவை கேட்டாள். அவளை அங்கேயே நாலு அறை விடலாம் போலிருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். பூபதி இடத்தில் நான் இருந்திருந்தால் அன்றைக்கே போனைப் பிடுங்கி உடைத்திருப்பேன். அவர் கதவை மட்டும்தான் சாத்தினார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பேசவில்லை. பெட்டிகள் அப்படியே இருக்கின்றன. அவற்றைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

காலையில் வீட்டைக் கழுவி, பொரி கடலை, சுண்டல் எல்லாம் ஆயிற்று. ஸ்கூட்டருக்கு மாலை போட்டேன். அரிவாள்மணை, தையல் மெஷின், பூபதியின் டூல் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். நடுஹாலில் பெட்டிகள். பூஜை நாளில் ஆயுதத்தைப் பெட்டியிலேயே பூட்டிவைத்தால் சரஸ்வதி என்ன நினைப்பாள்? இன்றைக்கே நானே அசெம்பிள் செய்வது என்று முடிவு செய்தேன். பிரவுசிங் சென்டரில் பூபதி செய்வதைப் பார்த்தவள்தானே.

வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். பிராசஸரை வைக்கும்போது மூச்சே விடவில்லை. சூடு ஏறாமல் இருக்க அதன்மேல் தடவுகிற பசை சந்தனம் மாதிரியே இருந்தது, பயபக்தியோடு தடவினேன். ரேம் இரண்டும் டிக் டிக்கென்று உட்கார்ந்தன. செங்கல் கார்டை ஏற்றி ஸ்குரூ போட்டேன். கரண்டு ஒயர்கள் நூலாம்படை மாதிரி தொங்கின. ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் செருகினேன். பூபதி அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை இல்லை. கேபினெட் கண்ணாடியில் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, சூடத்தைத் தள்ளி வைத்துக் காட்டிவிட்டு, சுவிட்சைப் போட்டேன்.

ஃபேன் சுற்றியது. கலர் கலராக விளக்கு எரிந்தது. மானிட்டரில் மட்டும் "நோ சிக்னல்" என்று வந்து நின்றது.

அணைத்தேன். ரேமைக் கழற்றி மாட்டினேன். கார்டைக் கழற்றி மாட்டினேன். நோ சிக்னல். வீடியோவை முதலில் இருந்து பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மறுபடி போட்டேன். மறுபடி அதேதான். மத்தியானச் சாப்பாடு இல்லை, கழுத்து வலி, விரலில் கேபினெட் கீறி ரத்தம். அவ்வளவு பணத்தைக் கொட்டி நானே கெடுத்துவிட்டேனோ என்று தோன்றியதும் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வாசலில் இருந்து ஒரு சத்தம். "நடிப்பு?"

பத்தொன்பது நாளைக்குப் பிறகு அவர் சொன்னது அது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"இல்லீங்க" என்றேன். "சாமி சத்தியமா எனக்குத் தெரியல. அன்னிக்கு ரேமும் எனக்குத் தெரியாதுங்க. டிவிடியும் தெரியாது. சும்மா தெரிஞ்ச மாதிரி மேடத்துக்கிட்ட பீத்திக்கிட்டேன். உங்களைக் கொழந்தைன்னு சொன்னது தப்புத்தானுங்க. இதை நான் கெடுத்துட்டனா இல்லையான்னு மட்டும் வந்து சொல்லுங்க."

என் முகத்தை நன்றாகப் பார்த்தார். உண்மையா பொய்யா என்று அளந்து பார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, கால் மடக்கத் திணறி, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என் போனில் டார்ச்சைப் போட்டுக் கேபினெட்டுக்குப் பின்னால் தலையை விட்டார். உள்ளேயிருந்தே சிரிக்கிற சத்தம் கேட்டது.

"போர்டுல..." என்றார். "மானிட்டரு... ஒயரு... போர்டுல... குத்தியிருக்க."

"பின்ன எங்கீங்க குத்தறது?"

"கார்டுல."

நாங்கள் வாங்கிய பிராசஸருக்குத் தானாகப் படம் காட்டத் தெரியாதாம். கார்டுதான் காட்ட வேண்டும். அப்படியிருக்க நான் போர்டில் கொண்டுபோய் ஒயரைச் செருகி வைத்துவிட்டு அத்தனை நேரமும் ரேமைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் இடது கையால் ஒயரைப் பிடுங்கிக் கீழே இருந்த கார்டில் செருகினார். மானிட்டர் வெளிச்சமாகி எழுத்து ஓடியது.

பொரியை நடுவில் வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். பார்க்க ஒன்றுமே இல்லை அதில். அவ்வளவு நன்றாக இருந்தது.

வார்த்தைகள்: எண்ணவில்லை.

அக்டோபர் 4, சனி

குண்டு வைக்கிற ஆட்டத்தின் புது வடிவம் இறங்கிவிட்டது. படம் அப்படி இருக்கிறது, சுவரில் காரை பெயர்ந்த இடம்கூடத் தெரிகிறது. பூபதியை உட்கார வைத்தேன். வலது கையால் மவுஸைப் பிடிக்க முடியவில்லை. இடது பக்கம் மாற்றிக் கொடுத்தேன். மவுஸ் வந்தது. ஆனால் நடக்கவும் ஓடவும் இன்னொரு கை கீபோர்டில் வேண்டுமே. வலது கை விரல்கள் கீபோர்டின்மேல் சும்மா கிடந்தன. ஆள் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான், யாரோ சுட்டார்கள். மறுபடி நின்றான், மறுபடி சுட்டார்கள்.

மவுஸைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் கொஞ்ச நேரம் ஆடினேன். நன்றாக ஆடினேன் என்று எழுதினால் பொய். இன்டர்நெட்டில் எதிரே ஆடியவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள் போல. என்னைப் பார்த்ததும் சுட்டுவிடுகிறார்கள்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பூபதி இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்டார். ரெண்டு நாற்காலியும் ஒட்டி நின்றன. என்னைக் கூப்பிட்டு வலது பக்கம் உட்காரச் சொன்னார். கீபோர்டை என் பக்கம் தள்ளினார். மவுஸைத் தன் இடது கையில் எடுத்துக்கொண்டார்.

"நீ காலு" என்றார். "நான்... கை."

ஒரே ஆள், அவனுக்கு நடப்பது நான், சுடுவது அவர். எப்பேர்ப்பட்ட யோசனை! ஆனால் எங்கே நடக்க வேண்டும் என்று அவர்தானே சொல்ல வேண்டும்? சொல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? அது அவருக்கும் தெரியாமல் இருக்காது.

முதல் ஆட்டத்தில் செத்தோம். "முன்... முன்..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் செத்தோம். அதற்கு அடுத்ததில் நான் அவரைக் கேட்காமல் ஓடினேன், அவர் வேறு பக்கம் குறி வைத்திருந்தார், அதிலும் செத்தோம். சாயங்காலம் வரை செத்துக்கொண்டே இருந்தோம். சாம்பார் வைக்க மறந்துவிட்டேன். தயிரும் ஊறுகாயும்தான்.

அக்டோபர் 11, சனி

இந்த வாரம் தினமும் ஆபீஸ் விட்டு வந்து காபி குடித்ததும் ஆட்டம்தான். இப்போது வார்த்தைகள் வேகமாக வருகின்றன. "எடது", "நில்லு", "குனி", "பின்னாடி". நான்கு எழுத்துக்குள் இருந்தால் தடங்கலே இல்லை. கெட்ட வார்த்தைகள் அதைவிட வேகமாக வருகின்றன. ஒருத்தன் பின்னாலிருந்து சுட்டபோது பூபதி சொன்னதை நோட்டில் எழுத முடியாது. மேடத்திடம் கேட்டேன். பழகிப் பழகி ஊறிப்போன வார்த்தைகளும், கோபத்தில் வருகிற வார்த்தைகளும் அப்படித்தான் சுலபமாக வெளியே வருமாம், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதும் வருமாம். "திட்டட்டும், நல்லதுதான்" என்றார். நல்ல டாக்டரம்மா.

நானும் ஒன்று கவனித்தேன். விளையாடும்போது எனக்கு "ங்க" போட வரவில்லை. "டேய், அங்க பாருடா, மேல ஜன்னல்ல!" என்று கத்திவிட்டேன். காலேஜில் கூப்பிட்ட மாதிரியே. அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், அதற்குள் ஜன்னலில் இருந்தவன் சுட்டுவிட்டான்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. முறுக்கு சுட வேண்டும், அதிரசத்துக்கு மாவு காத்திருக்கிறது. "ஒரே ஒரு ஆட்டம்" என்று உட்கார்ந்தோம். மத்தியானம் ஒரு மணி. தெருவெல்லாம் வெடிச் சத்தம், ஆட்டத்துக்குள்ளும் வெடிச் சத்தம், எது எது என்று தெரியவில்லை.

கடைசிச் சுற்று. எங்கள் அணியில் எல்லாரும் போய் நாங்கள் மட்டும் மிச்சம். எதிரிலும் ஒருத்தன்தான் மிச்சம். குண்டு ஒரு கிடங்குக்குள் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் அதைச் செயலிழக்க வைத்துவிட்டால் ஜெயித்துவிடுவோம். இத்தனை நாளில் ஒருதடவைகூட ஜெயிக்கவில்லை. கிடங்கு வாசலுக்கு வந்துவிட்டோம். குண்டு கண்ணுக்குத் தெரிகிறது.

"நில்லு" என்றார் பூபதி.

குண்டு அங்கேதானே இருக்கிறது, யாரையும் காணோமே, நேரம் வேறு ஓடுகிறதே என்று நான் ஓடினேன். தூணுக்குப் பின்னால் அந்த ஒருத்தன் காத்துக்கொண்டிருந்தான். ஒரே தோட்டாவில் முடிந்தது.

"ஏன்டி, நில்லுன்னா நிக்க மாட்டியா? அவன் தூணுக்குப் பின்னாடி இருக்கான்னு எனக்குத் தெரியும், அதுக்குத்தான் நில்லுன்னேன். எப்பப் பாரு முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டு ஓடறது!"

நான் கீபோர்டில் இருந்து கையை எடுத்துவிட்டேன். அவரும் மவுஸை விட்டுவிட்டார். திரையில் நாங்கள் தோற்ற செய்தி பெரிய எழுத்தில் நின்றது.

முழுசாகத் திட்டியிருக்கிறார். எங்கும் நிற்கவில்லை, எங்கும் திக்கவில்லை, ஒரு வார்த்தைகூட மாறி வரவில்லை. கல்யாணம் ஆன நாளில் இருந்து வாரத்துக்கு ஒருதடவையாவது நான் வாங்குகிற திட்டு இது. இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு நான் அம்மா வீட்டுக்குப் போன நாளெல்லாம் உண்டு.

அவர் தன் வாயை இடது கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "சா... சா..." என்று திணறினார். சாரி சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. வேண்டாமென்று நான் தலையாட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்து திரையே தெரியவில்லை.

"இன்னொருக்கா திட்டுங்க" என்றேன்.

சிரித்தார். திட்டு வரவில்லை. மே மாதத்துக்கு முன் இருந்த பேச்சு அப்படியே திரும்பிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. நாளைக்குக் காலையில் காபி கேட்க அவர் மறுபடி திணறலாம். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே எங்கேயோ முழுசாக இருக்கிறது. இன்றைக்கு என் காதாலேயே கேட்டுவிட்டேன்.

"மாவு காஞ்சிரும்" என்று நானே சொன்னேன். எழுந்திருக்கவில்லை. அவர் மவுஸை எடுத்துக்கொண்டார். புது ஆட்டம் ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் போனதும் ஒரு சந்து வந்தது. அவர் வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. எனக்கு விரல் பரபரத்தது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். எங்கேயோ பக்கத்தில் சுடுகிற சத்தம் கேட்டது.

நான் அசையவில்லை. சுட்டால் சுடட்டும். அவர் சொல்லும்வரை அப்படியே நின்றேன்.

"எடது" என்றார்.

போனேன்.